பூங்காவில் நான் வைத்த கல்

குன்னூரில் நான் வேலை பார்க்கும் பூங்காவில் ஒரே ஒரு ரெட்வுட் மரம் இருக்கிறது. நுனியைப் பார்க்க அண்ணாந்தால் தலையில் கட்டிய துண்டு கீழே விழுந்துவிடும். கடல் தாண்டிய ஏதோ நாட்டில் இது காடு காடாக நிற்குமாம். இங்கே எந்த வெள்ளைக்காரனோ கொண்டுவந்து நட்டது ஒண்டியாக நிற்கிறது. பட்டை தேங்காய் நார் மாதிரி மெத்தென்று இருக்கும். அதுதான் அதற்கு வினை.

சுற்றுலா வேன் ஓட்டுகிறவர்களில் எவனோ ஒருவன், "குத்திப் பாருங்க, கை வலிக்காது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். அப்புறம் வருகிறவர்கள் எல்லாரும் குத்தினார்கள். குத்துவதைப் படம் எடுத்தார்கள். போகும்போது ஒரு கீற்றுப் பட்டையை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஆள் கை எட்டும் உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பள்ளமே விழுந்துவிட்டது. 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்தோம். அதில் பையை மாட்டிவிட்டுக் குத்தினார்கள். கம்பி கட்டினோம். கம்பிக்கு உள்ளே குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பதினைந்து வருடமாக அந்த மரத்தடியைக் கூட்டிப் பெருக்குகிறவள் நான். எனக்கு வயிறு எரியும்.

ஒரு சீசன் நாளில் ஒரு பையன் ஓடிவந்து எகிறி இரண்டு காலாலும் மரத்தை உதைத்தான். நான் விளக்குமாற்றோடு போய்ச் சத்தம் போட்டேன். "மரந்தானே" என்றான் அவன். என்னோடு வேலை செய்யும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் எனக்குப் பத்து வயது மூத்தவள். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள். "உடு புள்ள. சாமின்னா தொடுவானா? மரமாப் போச்சு, அதான் ஒதைக்கிறான்" என்றாள்.

அவள் சும்மாதான் சொன்னாள். எனக்கு அது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில் சுவர் ஓரமாக ஆம்பிளைகள் ஒன்றுக்குப் போவதை நிறுத்த என்ன திட்டியும் நடக்கவில்லை. மூன்று சாமி பட ஓடு பதித்தார்கள், மறுநாளே நின்றுவிட்டது. அதையே இங்கே செய்தால் என்ன என்று நினைத்தேன்.

மறுநாள் என் குங்குமச் சிமிழையும் கொஞ்சம் மஞ்சள்தூளையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். என் பழைய பாவாடையைக் கிழித்து மஞ்சளில் நனைத்தோம். பெரணிப் பாத்தி ஓரத்திலிருந்து முட்டை வடிவில் ஒரு கல்லை அக்காதான் பொறுக்கி எடுத்தாள். கேட் திறப்பதற்குள் கல்லை மரத்தடியில் நட்டு, பொட்டு வைத்து, துணியை மரத்தைச் சுற்றிக் கட்டினோம். முதல் வேன் வந்தது. இறங்கியவர்களில் ஒருத்தன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான், கல்லைப் பார்த்தான், ஓங்கிய கையை அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டான். நானும் அக்காவும் சாமான் கொட்டகைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அத்தனை சந்தோஷமாக நான் அந்தப் பூங்காவில் சிரித்ததே இல்லை.

மூன்று வாரம் நிம்மதியாக இருந்தது. பிறகு கல்லின் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு. அதற்கடுத்து கற்பூரம், உப்பு மிளகு, கிளையில் பிள்ளை வரத்துக்குத் தொட்டில். நெட்டைமரத்தம்மன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் வைக்கவில்லை. பக்கத்துக் கேத்தி ஊரிலிருந்து முதல் அறுவடைக் கேரட்டைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து படைத்தார்கள். "ஏனுங்க, இது ரொம்ப சக்தியுள்ள சாமிங்களா?" என்று என்னிடமே கேட்டார்கள். நான் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

மழைக்காலம் வந்தபோது மரத்தின் நுனி பழுப்பாகிவிட்டது. அப்போது புதிதாக வந்திருந்த அதிகாரி, சின்ன வயசு மேடம், மரத்தடியில் குந்தி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "இந்த மரத்துக்கு வேர் ஆழமாப் போகாதும்மா. மேலாகவே பரவும். இத்தனை கால் மிதிச்சு மண்ணு இறுகிப் போச்சு. எண்ணெயும் உப்பும் வேற. இப்படியே விட்டா செத்துப்போகும்" என்றார். பிறகு, "யார் இதை ஆரம்பிச்சது?" என்று கேட்டார். நான் என் விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லை எடுக்கச் சொன்னார். ஆண்கள் யாரும் முன்னால் வரவில்லை. நான் எடுத்தேன். காலையில் கேட் திறக்குமுன் பிடுங்கி, இருந்த இடத்திலேயே, பெரணிப் பாத்தியிலேயே போட்டேன். பத்து மணிக்கெல்லாம் அங்கே வேறொரு கல் இருந்தது, முன்னதைவிடப் பெரியது. சாமியைப் பெயர்த்தது யார் என்று கூட்டம் கூடிவிட்டது. ரோட்டில் உட்காருவோம் என்றார்கள். மேடம் முகம் வெளுத்து ஆபீசுக்குள் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான்தானுங்க வச்சேன். மரத்தை யாரும் ஒதைக்கக் கூடாதுன்னு வச்சேன். இது வெறும் கல்லுங்க."

அடி விழும் என்று நினைத்தேன். வேலை போகும் என்று நினைத்தேன். முன்னால் நின்ற ஒரு பெண் சிரித்த முகமாகவே என் கையைப் பிடித்தாள். "நீ வச்சேன்னு நெனைக்கிறே கண்ணு. உன்ற கையால தன்னைய வச்சுக்கிட்டது ஆரு?" என்றாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஒருவர் என்னைக் கும்பிட்டார்.

பொய்யை ஒத்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அந்த வழியும் அடைபட்டுப் போனது.

அதற்கடுத்த வாரம் ஒரு விளக்கு சாய்ந்து எண்ணெய் ஊறிய பட்டையில் தீப் பிடித்தது. சுடர் தெரியவில்லை, நாருக்குள்ளேயே புகைந்துகொண்டு மேலே ஏறியது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். ஒரு ஆள் உயரத்துக்குக் கரித்தழும்பு. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. யாரும் பார்க்காதபோது அழுதேன். இந்த மரத்தை உதைத்தவன் ஒரு நாள் உதைத்துவிட்டுப் போனான். கொல்வது நான்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதே இடத்தில் ஒருத்தர் எண்ணெய் டின்னோடு வந்தார். நான் எதையும் திட்டம் போடவில்லை. வாயிலிருந்து ஒரு கூச்சல் வந்தது, கொண்டை அவிழ்ந்தது, உடம்பு ஆடத் தொடங்கியது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த என் சித்திக்கு லைன் கோயில் திருவிழாவில் அருள் வரும். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒவ்வொரு அசைவும் மனப்பாடம். "எரியுதுடா. என் காலு எரியுதுடா. விளக்கு வேணாம், எண்ணெய் வேணாம், உப்பு வேணாம். என் காலை மிதிக்காதீங்க, எட்டி நில்லுங்க. எனக்குத் தண்ணி போதும்" என்று கத்தினேன்.

அரசாங்கப் பலகைக்கு மசியாத கூட்டம் அப்படியே பத்தடி பின்னால் போனது. சாயங்காலத்துக்குள் அவர்களே மூங்கில் வேலி கட்டிவிட்டார்கள். விளக்கு நின்றது. கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. இறுகிய மண்ணை மேடம் சொன்னபடி நான் கொத்திவிட்டேன். அடுத்த வருடம் கிளை நுனிகளில் இளம்பச்சை வந்துவிட்டது. மேடம் அதைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

மரம் தப்பியது. நான் மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் அதே மாதிரி ஆட வேண்டியதாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டேன், அன்றைக்கு வேலிக்குள் இரண்டு விளக்கு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நான் லீவே எடுப்பதில்லை. தங்கை மகள் கல்யாணம் வெள்ளிக்கிழமை வைத்தார்கள், போகவில்லை. தங்கை இன்னும் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள நாற்றுப் பண்ணைக்கு மாற்றல் கேட்டு வருடக்கணக்கில் மனு போட்டிருந்தேன். போன வருடம் உத்தரவு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் எனக்குப் பைத்தியம் என்றார்கள். அந்த மரத்தை நான் காவல் காக்கிறேனா, அது என்னைக் கட்டிப்போட்டிருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. சில நாள் அதை வெறுக்கவும் செய்கிறேன்.

ஆடிக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்பார்கள். கல்யாணம், பரீட்சை, வயிற்றுவலி. நான் யாருக்கும் குறி சொன்னதில்லை. "தண்ணி ஊத்து" என்பது மட்டும்தான் என் அம்மனுக்குத் தெரிந்த வார்த்தை. அந்த அளவிலாவது யாரையும் ஏமாற்றவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "ஆத்தா, எம்பட புள்ள எங்கிருக்குறா?" என்று கேட்டது. அக்காவின் குரல். அவள் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். மூன்று வாரமாகப் போன் எடுக்கவில்லை, தங்கியிருந்த அறையிலும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் என்னோடு உட்கார்ந்துதான் அழுதாள்.

கண்ணைத் திறந்தேன். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கல்லைப் பொறுக்கிக் கொடுத்தவள். கொட்டகைக்குப் பின்னால் என்னோடு சிரித்தவள். "எனக்குத் தெரியாதுக்கா" என்ற வார்த்தை வாய் வரை வந்தது. அவளுக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண்ணின் தட்டில் விளக்கு இருந்தது.

"தண்ணி ஊத்து" என்றேன்.

ஊற்றினாள். குழாய்க்கும் மரத்துக்குமாக நடந்து நடந்து, மற்றவர்கள் எல்லாரும் போன பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் போய்க் குடத்தை வாங்கி வைத்தேன்.

மதியம் கொட்டகையில் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ நடிக்கிறேன்னு எனக்குத் தெரியும் புள்ள. அந்தக் கல்ல நாந்தான எடுத்துக் குடுத்தேன்."

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"அது கெடக்குது உடு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்னு தெரியும். ஆடறப்ப உங்கிட்ட ஆத்தா ஏதாச்சும் சொன்னாளா?"