இரண்டு அங்குலம் ஐந்து நூல்

மர்பி டவுன் டொமினிக்கின் கட்டைவிரலைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. ஒரு கொசுவின் காலைத் தடவியே அதன் கனத்தைச் சொன்னான் என்பார்கள். கொசு மறுத்ததாகத் தகவல் இல்லை.

அல்சூர்ப் பட்டறை ஒன்றில் இருபது வருடம் துளை போட்டவன் அவன். அங்கே அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் நூல் என்பார்கள். 1997இல் பட்டறையை மூடிவிட்டார்கள். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை அவனை ஆறு மாதச் சோதனையில் எடுத்துக்கொண்டது. கடைசி நாளன்று, அதுவரை மற்றவர்கள் எண் அடித்துத் தந்த கணினி மெஷினில் அவனே எண்களை அடித்து, பித்தளைத் தகட்டில் துளை போட்டுக் காட்ட வேண்டும். தகடு இரண்டு தருவார்கள். ஒன்றாவது சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இரண்டும் கெட்டால் வீட்டுக்குப் போகலாம்.

வரைபடத்தில் ஓரத்திலிருந்து துளைக்கு 2 5/8 அங்குலம் என்றிருந்தது. ரெண்டு அங்குலம் அஞ்சு நூல். டொமினிக் 2.5 என்று அடித்தான். பட்டறையில் இருபது வருடமாக அப்படித்தான் எழுதினான்: அங்குலம், ஒரு புள்ளி, நூல்.

துளை விழுந்தது. ஸ்கேலை வைத்தான். நான்காவது நூலில் நின்றது. அப்போது வழிந்த வியர்வையைப் பிடித்து வைத்திருந்தால் அல்சூர் ஏரி ஒரு சாண் உயர்ந்திருக்கும்.

அடுத்த மேசையில் தகடுகளை அளந்து சரிபார்க்கும் ஃபாத்திமா நிமிர்ந்தாள்.

"என்னண்ணா, மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்திருக்கு?"

"அஞ்சு நூல் கேட்டேம்மா, நாலுதான் குடுக்குது. கஞ்சப்பய மெஷினு!"

"அதுக்கு நூலும் தெரியாது, கயிறும் தெரியாது. பத்துப் பத்தாப் பிரிச்சாத்தான் புரியும். விடை சொன்னா என்னையும் அனுப்பிடுவாங்க, கேள்விதான் கேப்பேன். பாதி எவ்ளோ?"

"பாயிண்ட் அஞ்சு... ஐயோ, நான் அடிச்சது பாதியா? நாலு நூலு!"

"கால்?"

"பாயிண்ட் ரெண்டு அஞ்சு."

"ஒரு நூல்?"

"கால்ல பாதி. இருபத்தஞ்சுல பாதி பன்னண்டரை." டொமினிக் பொத்தான்களைத் துழாவினான். ஒன்பது வரை இருந்தன. அரை இல்லை. "அரைக்குப் பொத்தானே இல்லையேம்மா! என் பொழப்பு போச்சு!"

"பின்னாடி ஒரு சைபர் போட்டா அளவு மாறுமா?"

"மாறாது."

"அப்போ எரநூத்தம்பதுல பாதி?"

"நூத்தி இருபத்தஞ்சு..." ஒரு நூல் 0.125. நாலு நூல் 0.500. இரண்டையும் ஏழு தடவை கூட்டிப் பார்த்தான். ஏழு தடவையும் 0.625 வந்தும் நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது தகட்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு 2.625 அடித்தான்.

மேற்பார்வையாளர் ஸ்ரீகண்டன் வந்து இரண்டு தகடுகளையும் அளந்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன்ரீ டொமினிக், இதைக் கெடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"இது கரெக்டா இருக்கே. இது யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

ஸ்ரீகண்டன் சிரிக்கவில்லை. நிரந்தர உத்தரவை விரித்து, பேனாவை வைத்தார். மை வரவில்லை. உதறினார், ஒரு சொட்டு டொமினிக்கின் சட்டையில் விழுந்தது. மறுபடி உதறினார், தரையில் விழுந்தது. மூன்றாவது உதறலுக்குப் பிறகுதான் கையெழுத்து விழுந்தது.