இரண்டு போன்களை எதிரெதிரே வைத்தவர்

அமல்ராஜ் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, மேசைமேல் இருந்த இன்னொரு போனில் சப்போர்ட் கம்பெனியின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காத்திருக்கச் சொல்லி அரை மணி நேரமாகியிருந்தது. அதை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஏலாக்குறிச்சியில் அடக்கம் முடிந்து பெரம்பலூர் திரும்பிவிட்டேன். லேப் முடிவுகளைத் தாமதமாக்கும் அந்தக் கோளாறு இன்னும் தீரவில்லை. அலுத்துப்போய்விட்டது.

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நானும் அமல்ராஜும்தான். லேப் முடிவுகளைக் காட்டுவது ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள். அது ஓடுவது விர்ச்சுவல் மெஷினில், அதாவது ஒரே சர்வரைப் பல கணினிகளாகப் பிரித்து நடத்தும் ஏற்பாட்டில். இரண்டுக்கும் சப்போர்ட் தருவது வேறு வேறு கம்பெனிகள். "விர்ச்சுவல் மெஷினா? தனி கம்ப்யூட்டர்ல போட்டு இதே கோளாறு வருதான்னு பாருங்க" என்பார் மென்பொருள்காரர். "ஓப்பன் சோர்ஸுக்கு நாங்க பொறுப்பில்லைங்க" என்பார் சர்வர் கம்பெனிக்காரர். எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பந்தாட்டம் மறந்திருக்காது.

ஒரு நாள் காலையில் முடிவுகள் அடியோடு நின்றுபோயின. இருவரிடமும் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அமல்ராஜ் இரண்டு போன்களையும் ஸ்பீக்கரில் போட்டு எதிரெதிரே வைத்தார். "சார், ரெண்டு பேரும் பேசிக்கிங்க. நாங்க வந்துடுறோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாங்க மேடம், லேப்புல எழுதி வாங்கியாந்து வார்டு வார்டா குடுப்போம்." நாங்கள் திரும்பியபோது அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோளாறும் பிடிபட்டிருந்தது. "இன்னும் சித்த நேரம் விட்டிருந்தா சம்பந்தமே பேசி முடிச்சிருப்பாங்க" என்றார் அமல்ராஜ்.

அன்று முடிவுகளோடு வார்டுக்குப் படியேறும்போது விக்கிரமங்கலத்து அம்மா ஒருவர் எங்களை மறித்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் அவருடைய கணவரின் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது. "கம்பெனிக்குச் சொல்லியிருக்கோம்மா" என்றேன். அமல்ராஜ் குறுக்கிட்டு, "தப்பு எங்களுதும்மா. இங்கயே இருங்க, நான் கொண்டாறேன்" என்று இறங்கி ஓடினார். யாரோ செய்த தப்பை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று பின்னால் சண்டை போட்டேன். "அந்தம்மாவுக்கு எந்தக் கம்பெனியத் தெரியும்? நம்ம மூஞ்சிதான் தெரியும் மேடம்."

அவருடைய பொறுமை எனக்கு வராது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலை லேப் வாசலில் காத்திருந்தவர்களிடம் போய், "தப்பு எங்களுதுதாங்க" என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பெரியவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "நீயும் எம்புட்டு நேரந்தான் நிப்ப, உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். அடக்கத்தன்று வராத அழுகை அங்கேதான் வந்தது.