கல்பனா கழித்த திருஷ்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில், குழந்தை விடாமல் அழுதாலும் சரி, புது ஸ்கூட்டி வாசலில் வந்து நின்றாலும் சரி, முதலில் கூப்பிடுவது கல்பனாவைத்தான். பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி பேக்கிங் செய்துவிட்டு வருவாள். கால் வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மூன்று மிளகாயும் ஒரு கை கல்லுப்புமாகப் போய்ச் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் உட்காருவாள். கைராசி அப்படி. ஆனால் ஊரார் கண்ணை எடுத்துப் போடத் தெரிந்தவளுக்குத் தன் கண்ணை என்ன செய்வதென்று தெரியவில்லை. போன மாசி மாதம்வரை தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள் ஓரகத்தி பூவம்மாள். அவள் மகள் ஸ்நேகாவும் கல்பனாவின் மகன் விமலும் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. இயற்கை மன்றத்துப் பிள்ளைகளை வடக்கே கடைசிக்கு, இமயமலையில் ஸ்பிட்டிக்கு அழைத்துப் போவதாக அங்கே அறிவித்தார்கள். பன்னிரண்டு நாள். பனிச்சிறுத்தையைத் தேடி மலையேற வேண்டும், கூடாரத்தில் தூங்க வேண்டும். விலங்கியல் வகுப்புக்கு ஒரே ஒரு இடம். அது ஸ்நேகாவுக்குப் போனது. அவள் போக முடியாமல் போனால் அடுத்த ஆள் விமல்.

கல்பனாவுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது. ஸ்நேகா இரண்டு மாதமாக விடியற்காலையில் பத்து கிலோ அரிசியைப் பையில் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு சிப்காட் ரோட்டில் நடந்து பழகியதும், அந்த நேரத்தில் விமல் போர்வைக்குள் செல்போனோடு கிடந்ததும் அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தால் மட்டும் எரிச்சல் அடங்கிவிடுமா? "எங்க பொண்ணு பனியில நடக்கப் போவுது" என்று பூவம்மாள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும்போது, "ரொம்ப சந்தோசம்க்கா" என்று கல்பனா பல்லைக் காட்டுவாள். பிறகு உள்ளே வந்து பாத்திரங்களைப் போடுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜுரம் வரக்கூடாதா என்று ஒரு நாள் பருப்பு கடையும்போது நினைத்துவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுநாளும் நினைத்தாள், இந்த முறை நாக்கைக் கடிக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ஸ்நேகாவுக்கு நிஜமாகவே ஜுரம் வந்தது. மறுநாள் காலேஜில் டாக்டர் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஜுரம் இருந்தால் மலைக்கு விடமாட்டார்கள். கல்பனா சத்தமில்லாமல் விமலின் ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டாள்.

"இன்னாத்துக்கும்மா?" என்றான் அவன்.

"ச்சும்மா. பூச்சி வாசன அடிக்குது."

விளக்கு வைக்கும் நேரத்தில் பூவம்மாள் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மாத்திர போட்டும் எறங்க மாட்டேங்குது கல்பனா. எவ கண்ணு பட்டுதோ தெர்ல. நீ வந்து சுத்திப் போடு. உன் கை பட்டா சரியாப்பூடும்."

போகாமல் இருக்க முடியுமா? போனாள். ஸ்நேகா போர்வையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். கல்பனா மிளகாயையும் உப்பையும் கைக்குள் மூடிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். "ஊரு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு, கொள்ளிக் கண்ணு..." ஊருக்கு அடுத்து உறவு வர வேண்டும். அந்த இடத்தை மட்டும் வாய் தாண்டிவிட்டது. வேண்டுமென்றா, பயந்தா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

குழந்தையிலிருந்து கேட்டு அதை மனப்பாடமாக வைத்திருந்தவள் ஸ்நேகா. கண்ணைத் திறந்தாள். "சித்தி, ஒறவு கண்ண உட்டுட்டியே."

பூவம்மாள் அழுகைக்கு நடுவிலும் சிரித்தாள். "உட்டா இன்னாடி? நம்ம ஒறவுல யாரு உன்னப் பாத்து எரியப் போறாங்க? இங்க இருக்கிறது உங்க சித்தி ஒருத்திதான்."

கல்பனாவின் கை அந்தரத்தில் நின்றது. இவ்வளவு நம்புகிறார்களே என்று அழுகையும் வந்தது, ஏன் இப்படி நம்பித் தொலைக்கிறார்கள் என்று ஆத்திரமும் வந்தது. முதலிலிருந்து சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு..." ஒரு மூச்சு விட்டு, தெளிவாகச் சொன்னாள். "சித்தி கண்ணு. எல்லாம் பட்டுப்போவட்டும். துப்புடி."

ஸ்நேகா மூன்று முறை துப்பினாள். கொட்டாங்குச்சி நெருப்பில் மிளகாய் வெடித்தது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை, துளி நெடி இல்லை. நெடி இல்லையென்றால் கண் பட்டது நிஜம் என்று அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூவம்மாள் நெருப்பைப் பார்த்தாள், கல்பனாவைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

இனி அந்த வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே கல்பனா வீட்டுக்கு வந்தாள். விமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அவளுக்கு சரியாயிடும்ல? எனக்கு அந்தக் குளுரெல்லாம் ஒத்துக்காதும்மா" என்றான். கையில் இருந்த கரண்டியாலேயே அவன் தலையில் ஒன்று போடலாமா என்றிருந்தது அவளுக்கு.

காலையில் ஜுரம் இறங்கிவிட்டது. மாத்திரையா, மிளகாயா, யார் கண்டது? ஸ்நேகாவை ஏற்றிக்கொண்டு போக ஆட்டோ வந்து நின்றது. கல்பனா கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உள்ளேயே இருந்தாள். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு பூவம்மாள் வந்தாள்.

"பொண்ணு கெளம்புது. நீ இன்னா உள்ள குந்திக்கினு கீற? தண்ணிக் கொடத்த எடுத்துக்கினு எதிர்ல வா."

நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு எதிரே நிறைகுடத்தோடு வர, எல்லாரையும் கூப்பிட்டுவிட மாட்டார்கள். கல்பனா குடத்தைத் தொடவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அக்கா, அந்த எரிச்சல் எனக்கு முக்காவாசிதான் போச்சு."

பூவம்மாள் திரும்பி வாசலைப் பார்த்தாள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு மகள் நின்றிருந்தாள். பூவம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"கால்வாசி எனக்குந்தான் கீதுடி. இத்தோ கீற பெரியபாளையத்தத் தாண்டி நான் எங்க போயிருக்கேன்? கொடத்த எடு."