சோக் இழுத்த நாலு காலை

இதில் ஒரு சொல்லும் கூட்டியதில்லை. பருத்தித்துறையில் சிவகரனைக் கேட்டால் அவனும் இதையேதான் சொல்வான். கேட்காமல் விடுவது நல்லது.

அவனுடைய தம்பி நிருஷன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தனியே கடலுக்குப் போனான். திரும்பவில்லை. போட்டும் வரவில்லை. ஊரே ஐந்து நாள் தேடியது. ஆறாம் நாள் மற்றவர்கள் வந்து கையைப் பிடித்துவிட்டுத் தங்கள் தொழிலுக்குப் போனார்கள். சிவகரன் மட்டும் தேடினான். சோளகக் காற்றுக் காலம். காலை எட்டு மணிக்கே கடல் எழும்பிவிடும். சின்னப் போட் திரும்பத்தான் வேண்டும். விடிய நாலு மணிக்கு இறங்கினால்தான் தூரம் போகலாம்.

அன்றைக்குத்தான் அவனுடைய போட்டின் எஞ்சின் கரைச்சல் கொடுக்கத் தொடங்கியது. கடலால் வந்ததும் அதைக் கழற்றி, உப்பில்லாத நல்ல தண்ணீரில் கழுவி, வீட்டு முன்னறையில் வைப்பான். விடிய, தோளில் சாக்கைப் போட்டுச் சுமந்துபோய்ப் போட்டில் பூட்டுவான். பெற்றோலைக் கூட விடும் சோக்கை இழுப்பான். பிறகு கயிற்றை இழுப்பான். இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சினுக்கு அதுதான் முறை. முப்பது தரம் இழுத்தும் பிடிக்கவில்லை. ஆறரைக்குத்தான் பிடித்தது. அடுத்த நாளும் அப்படியே. பிளக் மாற்றினான். காபரேற்றரைக் கழுவினான். பெற்றோல் குழாயைப் புதிதாகப் போட்டான். நாலு நாளும் ஆறரைதான். நாலு நாளும் பாதிக் கடலில் திரும்பினான்.

நாலாம் நாள் பின்னேரம் பிளக்கை மட்டும் கொண்டுபோய் மெக்கானிக் கனகசபாபதியிடம் காட்டினான். அவர் மணந்து பார்த்தார்.

"சோக் இழுத்தனியோ?"

"ஓம் அண்ணை. விடியப்புறம் குளிர்தானே."

"உது குளிர்ந்த எஞ்சின்ரை வருத்தமில்லையடா. சூடான எஞ்சினுக்குச் சோக் இழுத்தால்தான் பெற்றோல் நிரம்பி உப்பிடி மூச்சடைக்கும். நித்திரையிலை எழும்பி ஓட்டுறியோ?"

சிவகரன் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் இப்போது அவன் ஒருவன்தான்.

மறுநாள் காலை 3.50. முன்னறை லைற்றைப் போட்டான். கதவு உள்ளே பூட்டியபடி. எஞ்சின் சுவரோடு சாய்ந்து நின்றது. மூடியைக் கழற்றிக் கையை வைத்தான்.

சுட்டது.

முந்தின நாள் காலை பத்து மணிக்குப் பிறகு அதை ஒருவரும் ஓட்டவில்லை. இரவு ஒரு சத்தமும் இல்லை. புகை மணமும் இல்லை.

அடியில், தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் ஒரு சொட்டு... இன்னொரு சொட்டு... விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

செத்துப்போன தம்பிதான் வந்து கூப்பிடுகிறான் என்று அவன் நினைத்தான்.

4.12. சோக்கைத் தொடவில்லை. ஒரே இழுவை. பிடித்தது.

7.20. அதுவரை அவன் எட்டாத தூரத்தில், வடக்கே, நிருஷனின் போட். நிருஷன் குப்புறக் கிடந்தான்.

"தம்பி..."

அசையவில்லை.

ஆசுப்பத்திரியில் டொக்டர், எத்தனை நாளாகக் காணவில்லை என்று கேட்டார். பத்து நாள் என்றான் சிவகரன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். உயிர் போனது நேற்று இரவுதான் என்றார். பத்து மணிக்கு முந்தி இல்லை.

சோக் இழுத்து ஆறரை வரை கரையில் நின்ற அந்த நாலு காலையும் நிருஷன் உயிரோடு இருந்தான்.