தேதியின் மேல் பொட்டு

காலை ஏழு பத்து. பெங்களூர் காக்ஸ் டவுனில் நான் வழக்கமாக இட்லி சாப்பிடும் கடையில் முதலில் கண்ணில் பட்டது, கடைக்காரரின் தலையில் இருந்த ஷவர் கேப். ரோஜாப்பூ போட்டது.

"என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? இன்ஸ்பெக்‌ஷன் வராங்க. முனை பேக்கரிக்காரர் போன் பண்ணாரு, அங்க வந்துட்டாங்களாம்."

"பாத்துட்டுப் போகட்டும், அழகாத்தானே இருக்கே" என்றார் அவர் மனைவி, இட்லித் துணியை உரித்தபடி.

பதினைந்து நாட்களுக்கு முன் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருமுறை வந்திருந்தார். தலைக்குத் தொப்பி இல்லை, குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லை, லைசன்ஸ் கண்ணில் படும்படி இல்லை என்று நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். லைசன்ஸ் அப்போது வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. அடுத்த முறையும் அதைப் பார்க்க முடியாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்று சொல்லிப் போயிருந்தார். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்த அந்த இருவருக்கும் இந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

ஏழரைக்கு அதே அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும் பெண். தொட்டியின் மூடியைத் திறந்து மூடினார். ஷவர் கேப்பை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். விதிகளில் பூவைப் பற்றி ஒன்றும் இல்லை போலிருக்கிறது. பிறகு லைசன்ஸ் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்து, சாமி அலமாரியைக் காட்டினார்.

பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே, கண்ணாடி போட்ட சட்டத்தில் இருந்தது.

"உள்ள வர்றவங்க எல்லாரும் மொதல்ல பாக்கற எடம் மேடம்" என்றார் மனைவி.

அன்று வெள்ளிக்கிழமை. லைசன்ஸுக்கும் சாமந்தி மாலை சாத்தியிருந்தது. சந்தனம் லைசன்ஸ் எண்ணை மறைத்திருந்தது. முடிவுத் தேதியின் மேல் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு குங்குமப் பொட்டு.

அதிகாரியும் தமிழுக்கு வந்தார். "தொடைங்கம்மா. டேட் பாக்கணும்."

"வெள்ளிக்கிழமை வெச்ச பொட்டை அழிக்கறதா? வெளக்கு வேற எரியுது. என்னால ஆகாது மேடம்."

"நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்டி. பேப்பருக்கு என்ன ஆயிடும்?" என்றார் கடைக்காரர்.

"நீ சும்மா இரு. கேப்பை இழுத்து விடு, காது தெரியுது." பிறகு அதிகாரியிடம், "வேணும்னா நீங்களே அழிச்சுக்குங்க."

அதிகாரியின் கை சட்டம் வரை போய் நின்றது. அவர் நெற்றியிலும் குங்குமம் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். "சார், நீங்க?"

நான் இட்லியில் கவனமாக இருந்தேன்.

"சரி, போன தடவை குடுத்த நோட்டீஸ் எங்கே? ஆபீஸ் லிஸ்ட்டப் பாத்து அதுல லைசன்ஸ் நம்பர் எழுதியிருக்கேன்."

பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து மனைவி அதை எடுத்துக் கொடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"இதுக்கு எதுக்கும்மா மஞ்சள்?"

"கவர்மென்ட்டுல இருந்து கடை பேருக்கு வந்த மொதல் கடுதாசி மேடம்."

நல்லவேளையாக எண் நடுவில் இருந்தது. அதிகாரி போனில் அதைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் ஷவர் கேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறக்கவேயில்லை.

"இன்னும் ஏழு மாசம் இருக்கு" என்றார் அதிகாரி.

கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கல்லாவுக்கு மேல ஒட்டுங்க. அதுக்குப் பொட்டு வேண்டாம்."

மனைவி கொப்பரையின் மூடியைத் திறந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கல்லாவுக்கு மேல் நகல் ஒட்டியிருந்தது. பொட்டு, தேதிக்கு இரண்டு அங்குலம் தள்ளி இருந்தது.