எங்கள் கரைக்கு வந்த கிளினிக்

அக்காவை வழியனுப்ப வந்து, இன்று இந்த நினைவு மலரையும் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் ஊரவர்களுக்கும் அவரது தங்கை எழுதுவது.

அக்கா ஆரையம்பதியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தோணியில் மீன்பிடித்தவர். தையல் பழகிய அக்கா, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாழ்க்கைப்பட்டு, முன்னறையில் மெசினைப் போட்டு ஊருக்கே சட்டை தைத்தார். அத்தான் வயல் செய்தார். ஒரே மகனைப் படிக்க வைத்தார்கள்.

அத்தானுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மாதாந்தக் கிளினிக் மறுகரை ஆஸ்பத்திரியில்தான். இயந்திரப் படகில் கடந்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று திரும்பினால் அந்த நாளே போய்விடும். வெள்ளாமை வெட்டு நேரத்தில் அத்தான் போகவில்லை. மருந்து தீர்ந்தது. வரம்பில் பட்ட சிறு காயம் ஆறாமல், ஒரு காலையே எடுக்க வேண்டி வந்தது. அடுத்த மாரிக்கு முன் அவர் போய்விட்டார்.

அதன்பின் அக்கா அதே ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரைச் சந்தித்தார். அத்தானைப் போல் ஊரில் பலர் இருக்கிறார்கள், மாதத்தில் ஒரு நாள் அங்கே வந்து பாருங்கள் என்று கேட்டார். டொக்டர் மறுக்கவில்லை; கட்டிடம் இல்லையே என்று தயங்கினார்.

“கட்டிடம் வரும்வரைக்கும் வருத்தம் பொறுத்திரிக்குமா, டொக்டர்? என்ட மெசினக் குசினிக்குள்ள வைக்கிறன். முன்னறை உங்களுக்கு. நீங்க வாங்க.”

டொக்டர் தாதியோடும் மருந்துப் பெட்டிகளோடும் வந்தார். அக்கா வீடு வீடாகப் போய் ஆட்களை அழைத்து வந்தார். அவருக்கும் சீனி முற்றியிருப்பது அந்த முன்னறையில்தான் தெரியவந்தது.

டொக்டர் இடமாற்றம் பெற்றுப் போனதும் கிளினிக் நின்றது. ஆளில்லை, பழையபடி மறுகரைக்கே வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அக்கா ஊரவர்களைக் கூட்டிக்கொண்டு முதல் படகில் ஏறி, பொறுப்பான அதிகாரியின் அலுவலக வாசலில் போய் இருந்தார். நானும் கூட இருந்தேன். யாரும் கோஷம் போடவில்லை. என்ன வேண்டும் என்று அதிகாரி கேட்டார்.

“சண்டைக்கு வரல்ல ஐயா. இவ்வளவு பேரும் மாசாமாசம் இஞ்ச வாறதா, நீங்க அனுப்புற ரெண்டு பேர் அங்க வாறதா? நீங்களே சொல்லுங்க.”

பார்ப்போம் என்றார். அடுத்த மாதம் யாரும் வரவில்லை. நாங்கள் மறுபடியும் போய் இருந்தோம். அதற்கடுத்த மாதம் புதிய டொக்டர் ஒருவர் படகால் வந்து இறங்கினார். இன்று ஊர்ப் பொதுக்கட்டிடத்தில் கிளினிக் நடக்கிறது.

சிறுநீரகம் பழுதாகி அக்கா நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், ஊரில் கிளினிக் நாள். எங்கள் ஊர்ச் சீனி வருத்தக்காரர் கந்தப்போடி அண்ணன் மருந்து எடுத்தாரா என்று என்னை விசாரிக்கச் சொன்னார். வயலுக்குப் போய்விட்டாராம் என்றேன்.

“என்னப் பாத்துக்கொண்டு இரிக்காதகா. மகனுக்குப் போன் எடு. வட்டைக்குப் போய் அவரக் கூட்டிற்று வரட்டும்.”

அக்காவின் மகன் மோட்டார் சைக்கிளில் போய் அவரை ஏற்றி வந்தான். மருந்து எடுத்துவிட்டார் என்று நான் சொன்னதும், “ஓம்” என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரத்திலேயே எங்களை விட்டுப் போய்விட்டார்.

அக்காவைப் பராமரித்த டொக்டர்மார், தாதிமார், இரவு பகல் பாராமல் உதவிய அயலவர்கள், படகோட்டிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது. இம்மாதக் கிளினிக்கும் அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவான இன்றே வருகிறது. கிளினிக் நாளை மாற்றவா என்று டொக்டர் கேட்டார், வேண்டாம் என்றோம். மருந்து எடுக்க வேண்டியவர்கள் முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள். நீங்கள் வந்த பிறகுதான் பந்தி வைப்போம்.