எல்லா வட்டமும் பச்சையாக இருந்த மதியம்

மழை பிடித்துக்கொண்டால் எனக்கு இன்னும் அந்த மருந்து நெடிதான் முதலில் வரும்...

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். கீழே படம் கழுவுகிற மருந்தின் புளித்த வாசனை படியேறி வரும். மேலே மூன்று கம்ப்யூட்டர், சூடேறிய யூபிஎஸ், மூலையில் சொட்டிக்கொண்டிருக்கும் குடைகள். பி.எஸ்ஸி. முடித்த கையோடு சேர்ந்த முதல் வேலை. அம்பகரத்தூரிலிருந்து தினமும் பஸ்.

சார், நான், கலை. அவ்வளவுதான் ஆபீஸ்.

கலைவாணி கடற்கரைப் பெண். கிளிஞ்சல்மேடு. வெப்சைட்டின் தோற்றம் அவள் பொறுப்பு. எதற்கு என்ன நிறம், எந்த எழுத்து எவ்வளவு பெரிசு எல்லாம் ஸ்டைல்ஷீட் என்ற தனி ஃபைலில் எழுதிவைப்பாள். சர்வரில் ஓடுகிற புரோகிராம் என்னுடையது. "நீ அடுப்படி, நான் வாசக்கோலம். வர்றவங்க கோலத்தத்தான் பாப்பாங்க" என்று சீண்டிக்கொண்டே இருப்பாள்.

அந்த வருஷம் படகு வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சைட் கேட்டார்கள். எந்தப் படகு கடலில் இருக்கிறது, எது கரைக்கு வந்துவிட்டது என்று ஒரே படத்தில் தெரிய வேண்டும். படகு நம்பருக்குப் பக்கத்தில் ஒரு நிற வட்டம். படத்துக்குக் கீழே, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வரி. அந்த வரியின் நிறம் கலையின் ஸ்டைல்ஷீட்டிலிருந்து வரும். படத்தை மட்டும் சர்வரே வரைந்து அனுப்பும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் எழுதிய நிறத்தை என் புரோகிராமில் எடுத்து வரைய நினைத்தேன். எப்படிக் கேட்டாலும் காலியாகவே வந்தது... சார் பார்த்துவிட்டு, அது வராதும்மா என்றார். சர்வருக்குத் தெரிந்தது 'கடலில்', 'கரையில்' என்று நாம் வைத்த பெயர் மட்டும்தான். அந்தப் பெயருக்கு என்ன நிறம் என்று ஸ்டைல்ஷீட்டைப் படித்துப் பூசுவது பார்க்கிறவரின் பிரவுசர். அந்த ஃபைலைத் திறந்து படிக்கத் தனியாகப் புரோகிராம் எழுதலாம், அதற்கு இப்போது நேரமில்லை, நிறத்தை உன் பக்கமும் ஒரு தடவை எழுதிவிடு என்றார்.

எழுதினேன். ஒரே நிறம், இரண்டு இடத்தில்.

நிறம் தேர்ந்தெடுத்தவர் சார். ரோட்டு சிக்னல் மாதிரி... போய்க்கொண்டிருக்கும் படகுக்குப் பச்சை, வந்து நின்றதற்குச் சிவப்பு.

ஒரு நாள் காலை, படகுக்காரர்களில் பெரியவர் ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். "ஏந்தம்பி, வூடு வந்து சேந்த படகுக்கா செவப்பு? அதுக்குப் பச்சையப் போடுங்க. கடல்ல கெடக்கறதுக்கு நீலம்." கலை அப்போதே தன் ஃபைலில் மாற்றிவிட்டாள். பஸ் வராமல் நனைந்துகொண்டு நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் கிளம்பியிருந்தார். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

மதியம் காற்று மாறியது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. கலையின் அப்பா முந்தின நாளே கடலுக்குப் போயிருந்தார். அவள் அம்மா காலையிலிருந்து கரையிலேயே நிற்பதாக அவர்கள் தெருமுனைக் கடையிலிருந்து போன் வந்தது. சைட் இன்னும் ஊருக்குத் திறக்கவில்லை. ஆனால் படகுக்காரர்கள் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து, விசாரித்து விசாரித்து விவரம் ஏற்றிக்கொண்டிருந்தார். கலை படத்தைத் திறந்தாள்.

எல்லா வட்டமும் பச்சை.

கீழே, பச்சை என்றால் கரை சேர்ந்தது என்று அவளே காலையில் மாற்றிய வரி.

அவள் மேஜையில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு கடைக்குப் போன் போட்டாள். "அம்மாவ வூட்டுக்குப் போவச் சொல்லுங்கண்ணே. அப்பா கரையேறிட்டாங்க. நாகப்பட்டினம் பக்கம் ஒதுங்கியிருப்பாங்க."

அப்போதுதான் நான் அந்த வரியைப் படித்தேன். என் புரோகிராமுக்குள் போய் ஏற்றிய விவரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு படகுக்கும் 'கடலில்' என்றுதான் இருந்தது. என் பச்சைக்கு அதுதான் அர்த்தம்.

சார் வெளியே போயிருந்தார். தெரிந்தவள் நான் ஒருத்திதான். கலை முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"கலை... படம் தப்புடி. அது பழைய பச்சை. ஒரு படகும் இன்னும் வரல."

அவள் என்னையே பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்ல."

மறுபடியும் போனை எடுத்தாள்.

இருட்டுவதற்குள் மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. கலையின் அப்பா போன படகு மட்டும் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. கலையும் வேலைக்கு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கலை தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மாதான் பேசினார். "வந்துட்டாருன்னு சொன்னோன்ன ஓடியாந்து ஒலைய வச்சேன் பாப்பா. சோறு பொங்குற வரைக்கும் அவரு இருந்தாரு." என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது நான் புரோகிராம் எழுதுவதில்லை. கல்யாணம், கோவில்பத்தில் வாடகை வீடு, மடியில் பாப்பா. அவர் வெளிநாட்டில், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். அங்கே காற்று பலமாக இருக்கிறது என்று நேற்றுச் சொன்னார்.

அன்றைக்குக் கரையில் போய் நின்றால்தான் தெரியும். இன்றைக்கு சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சொல்லிவிடுகிறது.

பாப்பாவுக்கு ஜுரம் விட்டுவிட்டது என்று அனுப்பி வெகுநேரம் ஆகிறது. பதில் இல்லை. வட்டம் மட்டும் பச்சையாக இருக்கிறது. அந்தப் பச்சையை யார் எங்கே எழுதினார்கள், அங்கே அவர் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறாரா... கேட்கத் தெரிந்தவள்தான் நான்.

கேட்கப் போவதில்லை. கலைக்குக் கொடுக்காத அந்த அஞ்சு நிமிஷத்தை இன்றைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்.